மால்டாவுக்குப் போனால் வாடகைக் கார் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மால்டா தீவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. தலைநகர் வாலெட்டாவின் மஞ்சள் கல் வீடுகள், மர மாடங்கள், செயின்ட் ஜான் பேராலயத்தில் இருக்கும் கரவாஜியோவின் ஓவியம் என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தார் கட்டுரையாளர். கடைசிப் பத்தியில் மட்டும், தீவைச் சுற்றிப் பார்க்க விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான் வசதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்து, பரிசோதகராக ஓய்வு பெற்றவன். மகள் மால்டாவில் செவிலியராக இருக்கிறாள். 2023 நவம்பரில் நானும் என் மனைவியும் அவளிடம் போய்ச் சில வாரங்கள் தங்கினோம். அவளுக்கு டூட்டி. நாங்கள் இருவரும்தான் ஊர் சுற்றினோம். என்னிடம் கார் ஓட்டும் உரிமம் இருந்தும் எடுக்கவில்லை. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "வயதானவர்களுக்குக் கார்தான் சரி" என்று யாராவது அடுத்த வாரமே பதில் கடிதம் எழுதுவார்கள்.

கார் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் அந்த ஊரின் அளவு. மால்டா நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். முக்கியத் தீவு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 27 கிலோமீட்டர் நீளம். ஜனங்கள் ஐந்தரை லட்சம் பேர் இருப்பார்கள். பதிவான வாகனங்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இவ்வளவு வண்டியையும் அந்த அகலமில்லாத சாலைகளில் விட்டால் என்ன ஆகும் என்று தங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு இம்சீடா என்ற ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். நடப்பவன் காரை முந்திக்கொண்டு போகிறான்.

இரண்டாவது காரணம் வாலெட்டா நகரமே. 1566-ல் மதில் சூழக் கட்டிய கோட்டை நகரம் அது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மேட்டில், இத்தாலியப் பொறியாளர் லாபரெல்லி கட்டம் கட்டமாகத் தெரு போட்டுக் கொடுத்திருக்கிறார். நீளம் ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். நடுவில் ஓடும் ரிபப்ளிக் தெருவின் பெரும்பகுதியில் நடக்க மட்டுமே அனுமதி. பக்கத்துத் தெருக்களில் பல படிக்கட்டாகவே இறங்குகின்றன. மீறிக் காரை உள்ளே கொண்டுபோனால், வாசலில் இருக்கும் கேமரா எண்ணைப் படம் பிடித்து, உள்ளே இருந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் காசு கேட்கும். 2007 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது. நிறுத்த இடம் தேடினால் பச்சைக் கோடு போட்ட கட்டங்கள் அங்கேயே குடியிருப்பவர்களுக்கு. வாடகைக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார் எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஊர் அது. 1964 வரை பிரிட்டிஷ்காரன் ஆண்டுவிட்டுப் போன மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மால்டா, சைப்ரஸ், அயர்லாந்து மூன்றில்தான் இப்படி. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் நம் ஆட்கள் கார் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பேருந்துக்கு வருகிறேன். என் தொழில் அது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவில் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1883-ல் வாலெட்டாவிலிருந்து பழைய தலைநகர் இம்தீனா பக்கம் வரை போட்டார்கள். டிராம் வண்டியும் வந்தது. பேருந்துகள் வந்து போட்டி போட்டதில் டிராம் 1929-லும் ரயில் 1931-லும் படுத்துவிட்டன. பிர்கிர்காரா என்ற ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடம் ஒரு பூங்காவுக்குள் அப்படியே நிற்கிறது. பேருந்து ரயிலைத் தோற்கடித்த ஊர் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். 2021-ல் 620 கோடி யூரோவில் சுரங்க ரயில் விடப்போவதாக ஒரு திட்டத்தை அரசு வெளியிட்டது. நாங்கள் போனபோது ஒரு குழிகூட வெட்டியிருக்கவில்லை.

ஆகவே எல்லாம் பேருந்துதான். வாலெட்டா கோட்டை வாசலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்று என்று ஒன்று இருக்கிறது. மூன்று வெண்கல ஆட்கள் ஒரு பெரிய தட்டைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அதை ஒட்டித்தான் பேருந்து நிலையம். தீவின் பெரும்பாலான ஊர்களுக்கு அங்கிருந்து நேர் வண்டி கிடைக்கும். இம்தீனாவுக்கு 51, 52, 53. மார்சாஷ்லொக் மீனவர் கிராமத்துக்கு 81, 85. ஹஜார் கிம் என்ற கற்காலக் கோயில்களுக்கு 74. வடமுனையில் கோசோ தீவுக்குக் கப்பல் ஏறும் சிர்க்கேவாவுக்கு 41. விமான நிலையத்தின் வாசலிலிருந்தும் பேருந்து உண்டு.

நாங்கள் போனபோது டிக்கெட் குளிர்காலத்தில் 2 யூரோ, கோடையில் 2.50, ராத்திரி வண்டிக்கு 3. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் இதே காசு, ஸ்டேஜ் கணக்கு இல்லை. ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் வேறு வண்டிக்கும் மாறலாம். ஆகவே இறங்கியதும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். பரிசோதகர்கள் ஏறுகிறார்கள், நானே பார்த்தேன். வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஏழு நாள் அட்டை இருக்கிறது. அதைத்தான் நாங்கள் வாங்கினோம்.

நடத்துநர் கிடையாது. டிக்கெட் கொடுப்பதும் ஓட்டுநர்தான். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஸ்லீமா கடற்கரை நிறுத்தத்தில் ஒரு நாள், ஏறுகிற ஒவ்வொரு பயணியும் பையைத் திறந்து சில்லறை தேடுகிறார். ஒருவர் ஐம்பது யூரோ நோட்டை நீட்டுகிறார். ஓட்டுநர் தலையை ஆட்டுகிறார். பின்னால் இருப்பவர் "இந்த வண்டி புளூ கிரோட்டோ போகுமா?" என்று முன்னால் வந்து கேட்கிறார். வண்டி அசையாமல் நிற்கிறது, பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. என் கை தன்னால் தோளில் பையைத் தேடியது. இத்தனைக்கும் வங்கி அட்டையை அந்த இயந்திரத்தில் காட்டினால் "பீப்" என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. வெளிநாட்டில் செல்லுபடியாகும் அட்டை உள்ளவர்கள் அதையே காட்டலாம். ஆளுக்கு ஒரு அட்டை இருந்தால் நல்லது.

அடுத்து, கையைக் காட்ட வேண்டும். நிறுத்தத்தில் நின்றால் போதும், வண்டி தானாக நிற்கும் என்று இருந்துவிடக் கூடாது. எண்ணைப் பார்த்து, முன்கூட்டியே கையை நன்றாக நீட்ட வேண்டும். வண்டி நிரம்பிவிட்டால் கை காட்டினாலும் நிற்காது. ஃபுட்போர்டில் தொங்கும் பேச்சே அங்கே இல்லை. நம் ஊர் ஆட்களுக்கு இது கோபத்தை வரவழைக்கும். அதனால் நடு வழியில் ஏறுவதைவிடப் புறப்படும் இடத்துக்கே போய் ஏறுவது புத்திசாலித்தனம். எங்கள் மகள் குடியிருந்தது நடு வழியில். ஆகவே எங்கே போவதென்றாலும் முதலில் வாலெட்டா போய், அங்கே உட்கார இடம் பிடித்துக்கொண்டு போவோம். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் மனைவி நின்றுகொண்டு வரவில்லை.

கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குப் பேருந்து இலவசம். தங்கள் பெயரில் அட்டை வாங்கி வைத்திருந்தால் போதும். மகள் காசில்லாமல் போவாள், நாங்கள் காசு கொடுத்துப் போவோம். இங்கே 2021-ல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் இலவசம் வந்தபோது என்னென்ன கேலி பேசினார்கள் என்று நினைவிருக்கும். அங்கே ஆண், பெண் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள், நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் இன்னும் கூட்ட வேண்டும்.

அட்டவணை நேரத்தைப் பார்த்து அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். நெரிசலில் மாட்டிய வண்டி தாமதமாகத்தான் வரும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. ஓட்டுநர்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. வாலெட்டா நிலையத்தில் ஒரு பஞ்சாப்காரரிடம் என் உடைந்த இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். நான் யார் என்று தெரிந்ததும், ட்ரிப்புக்கு ட்ரிப் எவ்வளவு ஓய்வு என்பதில் ஆரம்பித்து, குறுகலான தெருவில் எதிர் வண்டி வந்தால் யார் பின்னால் எடுப்பது என்பது வரை பேசிக்கொண்டே இருந்தார். என் மனைவிதான், "என்னங்க, அவரு வண்டி எடுக்க வேணாமா?" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

பழைய மால்டாப் பேருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2011 ஜூலை வரை அங்கே ஓடியவை சொந்தக்கார ஓட்டுநர்களின் மஞ்சள் வண்டிகள். லேலண்ட், பெட்ஃபோர்டு என்று நமக்குப் பழக்கமான பெயர்கள். முகப்பில் குரோமியத் தகடு, உள்ளே மாதா படம், ஓட்டுநருக்குப் பிடித்த அலங்காரம். 1975-க்கு முன் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு நிறமாம். அதையெல்லாம் நிறுத்திவிட்டு ஆரைவா என்ற நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் லண்டனில் ஓடிய நீளமான இணைப்புப் பேருந்துகளைக் கொண்டுவந்து அந்தச் சந்துகளில் விட்டார்கள். 2013-ல் அவற்றில் சில தீப்பிடித்தன. மொத்தத்தையும் ஓரங்கட்டினார்கள். 2014 தொடக்கத்தில் நிறுவனமும் கிளம்பியது. எந்த டெப்போவின் மெக்கானிக்கைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், திருப்பத்தில் அந்த வண்டி மாட்டும் என்று.

இனி படகு. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை என்பதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். வாலெட்டாவுக்கு இரண்டு பக்கமும் துறைமுகம். ஒரு பக்கம் எதிர்க்கரையில் ஸ்லீமா. விடுதிகளும் கடைகளும் அங்கேதான் அதிகம், சுற்றுலா வருகிறவர்கள் நிறையப் பேர் அங்கே தங்குகிறார்கள். ஸ்லீமாவிலிருந்து வாலெட்டாவுக்குச் சாலை வழியாகப் போனால் குடாவைச் சுற்றி க்சீரா, இம்சீடா, புளோரியானா என்று எல்லா நெரிசலையும் அனுபவித்து அரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். படகில் பத்து நிமிடம்கூட இல்லை. நாங்கள் போனபோது கட்டணம் இரண்டு யூரோவுக்குள். கார் வைத்திருப்பவன் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேல் தளத்தில் உட்கார்ந்து கார்மேல் மாதா கோயிலின் பெரிய குவிமாடம் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு வரலாம். ஒரே கஷ்டம், இறங்கிய பிறகு மேட்டில் ஏற வேண்டும். முடியாதவர்கள் 133-ம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். அது வாலெட்டாவையே வளைத்து வரும் வண்டி. ரிபப்ளிக் தெருவில் கோட்டை வாசலிலிருந்து செயின்ட் எல்மோ கோட்டை வரை இறக்கமாகவே நடந்துவிட்டு, திரும்பி ஏற்றத்துக்கு 133-ல் உட்கார்ந்து வந்துவிட்டால் முழங்காலுக்கு வேலையே இல்லை. மழை பெய்தால் மட்டும் கவனம். அந்தச் சுண்ணாம்புக்கல் தளம் காலங்காலமாக மிதிபட்டு வழுவழுவென்று இருக்கிறது, ரப்பர் செருப்பு வழுக்கும்.

மறு பக்கம் கிராண்ட் ஹார்பர், பெரிய துறைமுகம். இந்தப் பக்கம் ஏறி இறங்க மின்தூக்கியே வைத்திருக்கிறார்கள். அப்பர் பராக்கா பூங்காவின் ஓரத்திலிருந்து 58 மீட்டர் கீழே, படகுத்துறைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. 1905-லேயே அங்கே ஒரு மின்தூக்கி இருந்திருக்கிறது. 1973-ல் நின்று, பிறகு இடித்து, 2012 டிசம்பரில் புதிதாகக் கட்டினார்கள். நாங்கள் போனபோது இறங்கக் காசு இல்லை, ஏறுவதற்கு 1 யூரோ. மனைவிக்கு மால்டாவிலேயே பிடித்தது எது என்று கேட்டால் பேராலயத்தைச் சொல்ல மாட்டாள், இந்த மின்தூக்கியைத்தான் சொல்வாள்.

எங்களுக்கு நன்றாக அமைந்த ஒரு நாளை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். காலையில் வாலெட்டா நிலையத்தில் இறங்கி, வாசல் வழியாக உள்ளே நடந்து பூங்காவுக்குப் போனோம். பகல் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மின்தூக்கியில் கீழே இறங்கி, எதிர்க்கரையில் இருக்கும் போர்ம்லாவுக்குப் படகு ஏறினோம். இறங்கிப் படகுகள் கட்டியிருக்கும் கரையோரமாகவே மெதுவாக நடந்தால் பிர்கு வந்துவிடும். வாலெட்டா கட்டுவதற்கு முன், அப்போது தீவை ஆண்ட செயின்ட் ஜான் சபை வீரர்களின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. மேடு பள்ளம் அதிகமில்லை, உட்கார இடமும் நிறைய. வரும்போது பெரிய படகுக்குப் பதில், இரண்டு முனையும் மேலே தூக்கியிருக்கும் வண்ணம் பூசிய சிறு படகில் வந்தோம். முன்பு துடுப்புப் போட்டதற்கு இப்போது மோட்டார். ஆளுக்கு 2 யூரோ. ஏறும்போது ஆடும். படகுக்காரர் ஒரு காலைக் கரையிலும் ஒரு காலைப் படகிலும் ஊன்றிக்கொண்டு மனைவியின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆள் சேரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை, எங்கள் இருவரை மட்டும் வைத்தே எடுத்துவிட்டார். அந்த விலைக்கு அவருக்குக் கட்டுமா என்று எனக்குத்தான் கணக்கு ஓடியது.

படகில் ஒரு சங்கடம், காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் கடைசிப் படகும் சீக்கிரமே போய்விடும். காலையில் போகும்போதே கடைசி நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் பேருந்து இருக்கிறது.

கோசோ தீவுக்கு இரண்டு வழி. சிர்க்கேவாவிலிருந்து போகும் பெரிய கப்பல் 25 நிமிடத்தில் கொண்டுபோய் விடும். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் 4.65 யூரோ வாங்கினார்கள். ஆனால் வாலெட்டாவிலிருந்து சிர்க்கேவாவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2021-லிருந்து வாலெட்டாவில் இருந்தே வேகப் படகு விடுகிறார்கள், முக்கால் மணியில் கோசோ. அலை அதிகமானால் ஓடாது. கோசோவில் இறங்கியதும் 301-ம் எண் பேருந்து விக்டோரியா என்ற ஊருக்குப் போகும், அங்கிருந்து மற்ற இடங்களுக்கு வண்டி மாற வேண்டும். கோசோவில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால், அங்கே மட்டும் ஒரு நாளைக்கு டாக்சி பேசிக்கொள்வதில் தவறில்லை.

கார் கூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்கள், மேற்குக் கரையின் மணல் கடற்கரைகளைத் தேடிப் போகிறவர்கள், இரவு வெகு நேரம் கழித்துத் திரும்புகிறவர்கள் காரில் போகட்டும். அதற்கும் செல்போனில் கூப்பிடும் போல்ட், ஊபர் வண்டிகள் இருக்கின்றன. விலையை ஏறுவதற்கு முன்பே காட்டிவிடும். மழை நாளிலும் சனிக்கிழமை இரவிலும் அந்த விலை எகிறும். மேல்கூரை இல்லாத சுற்றுலாப் பேருந்து ஊர் முழுக்க வலம் வருகிறது. அதில் ஒரு நாள் கொடுக்கும் காசுக்குக் கிட்டத்தட்ட வாரப் பேருந்து அட்டையே வாங்கிவிடலாம் என்பதால் நாங்கள் ஏறவில்லை. வாடகை மின் ஸ்கூட்டர்கள் அப்போது நடைபாதை முழுக்கக் கிடந்தன. 2024 மார்ச் முதல் அவற்றைத் தடை செய்துவிட்டார்கள். மகள் போன் செய்து சொன்னபோது மனைவி கை தட்டினாள்.

இம்தீனாவை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தங்கள் கட்டுரையில் அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்த ஊர் அது. மதிலுக்குள் அங்கே குடியிருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் வண்டி ஓட்ட முடியாது. கட்டுரையாளர் சொன்னபடி கார் எடுத்துக்கொண்டு போனவரும் வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். பேருந்து வாசலுக்கு எதிரிலேயே இறக்கிவிடுகிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாராவாரம் வரும் பயணப் பக்கத்தில், எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் உள்ளூரில் எதில் போவது, எவ்வளவு ஆகும், கடைசி வண்டி எப்போது, படி ஏற முடியாதவர்களுக்கு வழி உண்டா என்று நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்கு இப்போதே விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இருப்பார்கள். கார் முன்பதிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிட்டால் நல்லது. இடம் போதவில்லை என்றால் பழைய மஞ்சள் பேருந்துக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். 133-ம் எண்ணையும் மின்தூக்கியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்துப் பரிசோதகர்,
கும்பகோணம்